ஒரு தப்பும் இல்லாத ஐரிஸ்

தப்பைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கேக்கை யாராவது கோணலாக வெட்டியிருந்தால்கூட நேராக்கிவிட்டுத்தான் சாப்பிடுவேன். சர்ச்சின் கீழ்த்தளத்தில் வியாழன்தோறும் கிராஸ் ஸ்டிச் தையல் போட உட்காரும் பெண்கள் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். ஆனாலும் கூடத்தின் சாவியை என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

அவர்களில் என் பழைய தோழி ஆர்டெல் போட்டுக்கொண்டிருந்தது வான்கோ வரைந்த ஐரிஸ் பூக்கள் ஓவியம். நீலத்திலேயே பதினெட்டு வகை நூல். மாதிரித் தாளில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் துணியில் ஒரு பெருக்கல் குறி. ஒரு கட்டம் தள்ளிப் போட்டால் அடுத்து வருகிற இதழெல்லாம் தள்ளிப் போகும். மூன்று வருட வேலை. துணியை மாட்டிய சட்டம் பெரிது என்பதால் அங்கேயே அலமாரியில் வைத்துவிட்டுப் போவாள்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காப்பிக் கோப்பைகளைக் கழுவ வந்தபோது அதை எடுத்துப் பார்த்தேன். முந்தைய நாள் போட்டது முழுக்கத் தப்பு. தண்டின் பச்சை பூவுக்குள் ஏறியிருந்தது. நாற்பது வருடமாக அவள் கை எனக்குத் தெரியும். அவள் இப்படிப் போடுகிறவள் இல்லை. உட்கார்ந்து பிரித்தேன், சரியாகப் போட்டுவைத்தேன். அடுத்த வாரமும் அப்படித்தான். பிறகு வெள்ளிக்கிழமை என்றாலே எனக்கு அந்த வேலைதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஜூனில் ஒரு வியாழன், ஆர்டெல் எலுமிச்சை கேக் செய்து கொண்டுவந்து எல்லாருக்கும் நீட்டினாள்.

"என்னடி விசேஷம்?" என்றேன்.

"கிரெட்டாகிட்ட நேத்து சொல்லிட்டேன், லவோன். அவ பார்த்து வச்சிருக்கிற முதியோர் இல்லத்துக்கு நான் வர்றதா இல்ல."

கிரெட்டா அவள் மகள், மினியாபொலிஸ் நகரத்தில் இருக்கிறாள்.

"எதுக்கு முதியோர் இல்லம்? உனக்கு என்ன?"

"மறதி நோய் ஆரம்பம்னு போன கிறிஸ்துமஸுக்கு முன்னாடி டாக்டர் சொன்னார். உங்ககிட்ட சொன்னா ஆளுக்கொரு பாத்திரத்துல சாப்பாடு எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நிப்பீங்க." சிரித்தாள். "நானே எனக்கு ஒரு பரீட்சை வச்சுக்கிட்டேன். வந்த உடனே, போன வாரம் போட்டதை ஸ்கேல் வச்சு தாளோட சரிபார்ப்பேன். அஞ்சு மாசமா ஒரு கட்டம்கூட தப்பல. மூளை கெட்டவ இப்படிப் போடுவாளா? அடுத்த வாரம் பேத்தி வர்றா. ஆத்தங்கரைக்கு நான்தான் காரை ஓட்டிக்கிட்டு அவளைக் கூட்டிட்டுப் போகப்போறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். நான் கேக் தட்டைக் கீழே வைத்தேன். அவள் ஸ்கேல் வைத்துப் பார்ப்பதை வாராவாரம் பார்த்தவள்தான் நான். எல்லாம் அவளுடைய வழக்கமான கவனம் என்று நினைத்திருந்தேன்.

மற்றவர்கள் போனபின் கதவருகே அவளை நிறுத்தினேன்.

"ஆர்டெல், வெள்ளிக்கிழமைதோறும் நான் வந்து பிரிச்சு மறுபடி போட்டேன்."

"எதை?"

"நீ போட்டதை. ஜனவரியிலேர்ந்து."

அவள் அலமாரியிலிருந்து சட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்த வருஷம் போட்டதுல எதெல்லாம் உன்னோடது? காட்டு."

விரலை வைத்து நகர்த்தினேன். மூன்று பூ, தண்டுகள், இலைகள், கீழே செம்மண். நிறுத்த ஓர் இடம் கிடைக்காதா என்று என் விரலே தேடியது.

"ஒண்ணுகூட என்னோடது இல்லையா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. "இல்லடி."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"என் கை மாதிரியே போட்டிருக்க. எனக்கே தெரியல," என்றாள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினாள். வாசலில் அவள் கார் நின்றது. அதைத் தாண்டி நடந்து, என் காரின் கதவருகே போய், நான் திறந்துவிடுவதற்காக நின்றாள்.