வாயில் வந்த நம்பர்

வங்கி கிளார்க் கேட்டது சாதாரணக் கேள்விதான். "போன் நம்பர் சொல்லுங்கம்மா." அவள் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நம்பர். கரண்டுக்காரனோ கேஸ்காரனோ டாக்டரோ, கல்யாணமான நாளிலிருந்து யார் கேட்டாலும் அவள் கொடுத்தது அந்த ஒன்றைத்தான்.

அது புருஷனின் நம்பர்.

பக்கத்தில் காப்பக அக்கா உட்கார்ந்திருந்தாள். அடி தாங்காமல் ஓடிவந்தவளுக்குப் படுக்க இடம் கொடுத்து, ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலையும் பிடித்துக் கொடுத்தவள். சம்பளம் இவள் பெயரில்தான் விழ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள். நம்பர் சொன்ன நேரம் பார்த்து அக்கா போட்டோவுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"கணக்கு ரெடி. கிளைப் பேரோட உங்க போனுக்கு மெசேஜ் வந்திருக்குமே, பாருங்க."

மடியிலிருந்த புதுப் போன் சத்தமில்லாமல் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வந்துடுச்சு சார்," என்றாள். படியில் விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். பொய் தங்குதடையில்லாமல் வந்தது.

வாசலுக்கு வந்ததும் அக்காவுக்கு வாயெல்லாம் பல். "இனிமே நீ யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம்டி."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சொன்னால், இவளுக்கெல்லாம் எதற்குக் கணக்கு என்று அக்கா நினைக்க மாட்டாளா? ஆனால் மெசேஜைப் பார்த்துவிட்டு அவன் இங்கே வந்து நின்றால்? காப்பகம் அடுத்த தெருவில்தான். அங்கே கைக்குழந்தைக்காரி ஒருத்தியும் இருக்கிறாள்.

"அக்கா, நான் அந்தாளு நம்பரக் குடுத்துட்டேன்க்கா."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் இவள் கையைப் பிடித்து மறுபடி உள்ளே இழுத்துப்போனாள்.

"இப்பதானே போட்டோம், அதுக்குள்ள நம்பர எதுக்கும்மா மாத்தணும்?" என்றார் கிளார்க். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லி மழுப்பத்தான் இவள் வாயைத் திறந்தாள். காதெல்லாம் சுட்டது.

"அது என்னை அடிக்கிறவன் நம்பர் சார்."

சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. கிளார்க் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கிளைப் பேரு அவருக்குப் போயிருக்கும், இந்தக் கணக்க மூடிடறேன்மா. அவர் வர்றதுக்குள்ள நீங்க பின்பக்கமா போயிடுங்க."

அவளால் நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மேசையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"போறேன் சார். வேற கிளைல இன்னிக்கே தொறக்க முடியுமா? என்னென்ன கொண்டுபோகணும்?"