வேண்டாம் என்று போட்ட டிக்

நாங்கள் நான்கு பேர் செவ்வாய்க் கிரகத்தில் இருநூற்று முப்பது நாட்கள் நிம்மதியாகத்தான் இருந்தோம். நிஜச் செவ்வாய் இல்லை. ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கத்துக் கிடங்குக்குள் கட்டிய தகரக் கூடு. ஜன்னல் கிடையாது. நாளைக்கு நிஜமாகவே அங்கே போகப்போகிறவர்களுக்கு ரத்தம் எப்படி மாறும், புத்தி எப்போது பேதலிக்கும், எத்தனை நாளில் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள் என்று பார்க்க எங்களை முந்நூறு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். என் அப்பா வீடு அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆனால் நான் பேசுவது அவருக்குப் போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டு. அசல் தூரத்துக்கு அவ்வளவு நேரம் ஆகுமாம், அதனால் இங்கேயும் வேண்டுமென்றே தாமதம் வைத்திருந்தார்கள்.

என் வேலை தண்ணீர். நான்கு பேரின் வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் பிடித்து, சுத்தம் செய்து, மறுபடி குடிக்கக் கொடுக்கும் இயந்திரத்தை நான் பார்த்துக்கொண்டேன். அதனால் எனக்கு வைத்த பேர் குழாயடி. "சண்டைக்கும் பொருத்தமாத்தான் இருக்கு" என்று உள்ளே கீரையும் தக்காளியும் வளர்த்த செடிக்காரர் சொன்னார். அவரோடு மூன்று நாள் பேசவில்லை. மற்ற இருவரில் ஒருவர் தலைவர், அதிகம் பேசமாட்டார். இன்னொருவர் டாக்டர், வாரம் ஒருமுறை எங்கள் ரத்தத்தை உறிஞ்சுவார். மூடிய இடத்தில் ரத்தம் எப்படி மாறுகிறது என்பது அவருடைய பதினோரு வருட ஆராய்ச்சி. இதற்கு முன் இரண்டு முறை யாரோ பாதியில் வெளியே ஓடியதால் அத்தனையும் பாழாகிப்போனதாம்.

வெளியே கட்டுப்பாட்டு அறையில் ஒரு அம்மாள் இருந்தார். நாங்கள் தும்மினால்கூடக் குறித்துக்கொள்வார், நல்லதாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவரை மாமியார் என்று கூப்பிட்டோம். வீட்டிலிருந்து வரும் பேச்சுகளும் அவர் காதைத் தாண்டித்தான் எங்களிடம் வரும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவனுக்குக் காற்று இருந்தும் மூச்சு முட்டும் என்பார். நான் உள்ளே போனதும் என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். தினமும் காலையில் இரண்டு நிமிடம் பேசி அனுப்புவார். "பெரிசு, செவ்வாய்ல இன்னிக்கு வெயிலா மழையா?" என்று ஆரம்பித்து, என் தங்கை வைத்த குழம்பில் உப்பில்லை என்பது வரை வரும். பல் பிடுங்கிய அன்றுகூட வாயில் பஞ்சோடு ஏதோ உளறி அனுப்பியிருந்தார். நானும் பதிலுக்கு அவரை வம்புக்கு இழுப்பேன். இருநூற்று முப்பது நாளில் ஒரு நாள் தவறியதில்லை.

இருநூற்று முப்பத்தொன்றாம் நாள் அவர் பேசவில்லை. மறுநாளும் இல்லை. நான் வழக்கம்போல என் பங்குக்குப் பேசி அனுப்பினேன். "என்ன, வாய்ல கொழுக்கட்டையா?" என்று கேட்டேன்.

நாலாம் நாள் தங்கையின் குரல் வந்தது. "அக்கா, நல்லா இருக்கியா? இங்க மழை. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு. அப்புறம்..." அதோடு ஒரு சின்ன வெற்றிடம். "...சரிக்கா, உடம்பைப் பாத்துக்கோ." இன்னொரு வெற்றிடம். கத்தரித்திருக்கிறார்கள் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பூனையைப் பற்றிப் பேசியவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமியாரைக் கேட்டேன். "எங்கப்பாவுக்கு என்ன ஆச்சு? ஒரே வார்த்தைல சொல்லுங்க." நாற்பத்துநான்கு நிமிடம் கழித்துத் திரையில் பதில் வந்தது: "உங்கள் படிவத்தின்படி இந்தக் கேள்விக்குப் பதில் அளிக்க இயலாது. தண்ணீரின் இன்றைய அளவு இன்னும் வரவில்லை."

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உள்ளே வருவதற்கு முன் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது குடும்பத்தில் நோயோ மரணமோ நேர்ந்தால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா? வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்டம். மற்ற மூவரும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் சட்டென்று வேண்டாமில் டிக் போட்டேன். "தெரிஞ்சு உள்ளேயிருந்து என்ன கிழிக்கப்போறேன்?" என்று சத்தமாக வேறு சொன்னேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன. தேர்வுக் குழுவில் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு நான் உள்ளூரப் பூரித்துப்போனேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இருநூற்று முப்பத்தாறாம் நாள், டிக்கை மாற்றச் சொல்லி எழுதினேன். மாற்றிவிட்டார்கள். கூடவே ஒரு விளக்கம்: "புதிய விருப்பம் இன்று பகல் பன்னிரண்டு மணி முதல் செல்லும். அதற்கு முன் நடந்தவையும் தொடங்கியவையும் பழைய விருப்பத்தின்படியே நடத்தப்படும்."

நான் அதை நாலு தரம் படித்தேன். அதாவது அப்பா பன்னிரண்டு மணிக்கு முன் நோயில் படுத்திருந்தால் சொல்லமாட்டார்கள், போயிருந்தாலும் சொல்லமாட்டார்கள். இனிமேல் போனால் மட்டும் சொல்வார்கள். எந்தப் புண்ணியவான்கள் உட்கார்ந்து எழுதினார்களோ, அவர்கள் வீட்டில் யாருக்கும் அப்பா அம்மா கிடையாது போலிருக்கிறது. தண்ணீர் இயந்திரத்தின் மூடியை ஸ்பானரால் ஓங்கி அடித்தேன். செடிக்காரர் ஓடிவந்து ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டார்.

டாக்டரிடம் போனேன். அவர் ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டரே, வாய் ஓயாம பேசற ஒரு மனுஷன் ஆறு நாளா பேசாம இருந்தா என்ன காரணம் இருக்கும்?"

"நூறு காரணம் இருக்கும்மா."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அவர் குப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாக்காத நோயாளியைப் பத்தி நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் முடிந்துபோனது என்று தோன்றிவிட்டது.

கதவுக்குப் பூட்டு இல்லை. சட்டப்படி பூட்டக்கூடாதாம். ஒரு கைப்பிடி, அதன் மேல் ஒரு காகித முத்திரை, அவ்வளவுதான். திறந்தால் உள்ளே இருக்கும் காற்றின் கணக்கு, தண்ணீரின் கணக்கு, டாக்டரின் பதினோரு வருடம் எல்லாம் அன்றோடு சரி. நான் அந்தக் கதவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒரு முழுப் பகல் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் தலைவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"போகணும்னா போ. யாரும் தடுக்கமாட்டோம். யாரும் ஒரு சொல் சொல்லமாட்டோம்."

திட்டியிருந்தால் திறந்திருப்பேன். எதிர்த்து நிற்க ஒரு ஆள் வேண்டும் எனக்கு. இப்படிச் சொன்னதும் மூன்று பேரின் இத்தனை நாளும் என் மடியில் வந்து விழுந்ததுபோல் இருந்தது. யோசித்தேன். உடம்பு சரியில்லை என்றால் அப்பா படுத்துக்கொண்டாவது பேசியிருப்பார். அவரைப் பேசாமல் இருக்கவைக்க ஒன்றால்தான் முடியும். அது நடந்து ஆறு நாள் ஆகிவிட்டது, எடுத்துமுடித்திருப்பார்கள். செத்தவருக்காக உயிரோடு இருப்பவர்களின் உழைப்பை உடைப்பதில் என்ன அர்த்தம்? ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். இதை முடிவு என்று அப்போது நினைத்தேன், பயம் என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் காலை வழக்கம்போல ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தேன். "அப்பா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. இல்லாத ஆளிடம் வெயிலா மழையா என்று எப்படிப் பேசுவது? அணைத்துவிட்டேன். அன்றோடு அப்பாவுக்குப் பேசி அனுப்புவதை நிறுத்தினேன்.

பிறகு துக்கம் கொண்டாடினேன். யாரும் இறந்ததாகச் சொல்லாத துக்கம். மற்றவர்களுக்கு என்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. செடிக்காரர் பழுத்த தக்காளி எல்லாவற்றையும் என் தட்டிலேயே வைத்தார். ஐந்தடி அகல அறை நாளுக்கு நாள் சுருங்கியது. படுக்கையில் கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். நான் நீட்டாமல் படுத்துக்கொள்ளப் பழகினேன். தங்கையிடமிருந்து வரும் பேச்சில் வெற்றிடங்கள் கூடிக்கொண்டே போயின. ஒருநாள் "அக்கா" என்ற ஒரு சொல் மட்டும் வந்தது, மிச்சமெல்லாம் மௌனம். பாவம், அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இருநூற்று ஐம்பத்தைந்தாம் நாள், மதியச் சாப்பாட்டின்போது திரை ஒலித்தது. தலைவர் எழுந்து படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் போய்ப் பார்த்தேன்.

"உங்கள் புதிய விருப்பத்தின்படி தெரிவிக்கிறோம். உங்கள் தந்தை இன்று காலை எட்டு நாற்பதுக்குக் காலமானார்."

இன்று என்ற வார்த்தையை விரலால் தொட்டுப் பார்த்தேன். "இன்னிக்கா?" என்று கேட்டேன். "இன்னிக்குன்னா, நேத்து வரைக்கும் இருந்தாரா?"

"பக்கவாதம்தான் முதல்ல தோணுச்சு" என்றார் டாக்டர். அவர் இன்னும் மேஜையிலேயே இருந்தார். "அன்னிக்கு நீ கேட்டப்போ. பேச்சு போயிருக்கும்னு. சொன்னா நீ கதவைத் திறந்துடுவேன்னு சொல்லலை."

அவர் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்கூட வரவில்லை. டிக் போட்ட கை என் கை, ஸ்டூலை எடுத்துக்கொண்டு திரும்பிய காலும் என்னுடையதுதான்.

அரை மணி நேரத்தில் தங்கையின் குரல் வந்தது. இந்தத் தடவை ஒரு வெற்றிடமும் இல்லை.

"அக்கா, அப்பாவுக்கு வாயும் ஒரு கையும் போயிடுச்சு. காது நல்லாக் கேட்டுச்சு. நான் அங்க வந்து அவங்க காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன், உன் கையெழுத்தைக் காட்டினாங்க. நீ அனுப்பறதைத் தினமும் போட்டுக் காட்டுவேன். கொழுக்கட்டைன்னு கேட்டியே, அதுக்குச் சிரிச்சார். அப்புறம் நீ நிறுத்திட்டே. நான் பழசையே திருப்பித் திருப்பிப் போட்டேன். மூணாவது நாளே கண்டுபிடிச்சு போனைத் தள்ளிவிட்டுட்டார். ஆனா வருத்தப்படலைக்கா. கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி சைகை காட்டினார். நீ பேச்சை நிறுத்தினதும் கிளம்பிட்டேன்னு நினைச்சுட்டார். தினமும் சவரம் பண்ணிவிடச் சொன்னார். இன்னிக்குக் காலையிலகூட வாசலைத்தான் பாத்துட்டிருந்தார். வர்றியாக்கா? சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கச் சொல்லவா?"

பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளும் நான் அவரைச் செத்தவராக்கி அழுதுகொண்டிருந்தேன். அவர் என்னை வழியில் வந்துகொண்டிருப்பவளாக நினைத்துக்கொண்டிருந்தார். ஐயோ என்று வாய்விட்டுக் கத்தினேன். தகரச் சுவர் முழுக்க அது அதிர்ந்தது.

இப்போது போவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அன்றைக்குச் சொன்ன அதே நியாயம் இன்றைக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. உள்ளேயே இருந்துவிட்டால் இன்னும் நாற்பத்தைந்து நாள்தான், மூன்று பேரின் உழைப்பும் பிழைத்துக்கொள்ளும். எல்லாம் எனக்குத் தெரியும். நான் எழுந்து கதவிடம் போனேன். தலைவர் வழிவிட்டார். செடிக்காரர் "குழாயடி" என்று மெதுவாகக் கூப்பிட்டார். டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். மூடியபடியே இருந்தார்.

காகித முத்திரை நகம் பட்டதுமே கிழிந்தது. கைப்பிடியை முழுதாகக்கூடத் திருப்பவில்லை, கதவு திறந்துகொண்டது. ஆறடி தள்ளி, கிடங்கின் வாசலில் நல்ல வெயில். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வாட்ச்மேன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார்.