ஏழு எழுத்து, கியூவும் ஒய்யும்

"ஆறு எழுத்து. எம்மும் கேயும் வரணும்... ம்ஹூம், ஒண்ணும் பிடிபடலடி. நான் தோத்துட்டேன்" என்று போன் ஸ்பீக்கரில் என் அக்கா சொன்னதும் என் மனைவியின் முகம் இறுகிப்போனது. ஜெயித்தவளின் முகம் அப்படி இருக்காது. இடது கையால் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உதடுகள் இரண்டு மூன்று முறை அசைந்தன, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"பொய்!"

நான் எழுந்து அவள் பக்கத்தில் வந்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து "ம்", "ஆ", எப்போதாவது ஒரு "தண்ணி", அவ்வளவுதான் அவள் பேச்சு. இப்போது மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாள்.

"மங்கி. தம்பியை... கூப்பிடுவீங்க. மங்கி. பொய் சொல்றீங்க. ஏமாத்தாதீங்க... அக்கா."

அவள் சொன்னது நியாயம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்காவுக்கு நான் மங்கிதான். என் கல்யாண மேடையிலேயே, "மங்கி, நேரா நில்லுடா" என்று அதட்டியவள். உலகத்தில் வேறு யாருக்கு மறந்தாலும் அவளுக்கு அந்த ஆறு இங்கிலீஷ் எழுத்து மறக்க வழியே இல்லை.

இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் இவர்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது. ஒரு மழை நாளில் கரண்ட் போய், டிவியும் இல்லாமல், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் உட்கார்ந்திருந்தபோது அக்காதான் ஆரம்பித்தாள். "இங்கிலீஷ்ல அஞ்சு எழுத்து வார்த்தை. பியும் இஸட்டும் இருக்கணும். சொல்லு பார்ப்போம்." இவள் யோசிக்கக்கூட இல்லை. "பீட்சா" என்றாள். அன்று பிடித்த பைத்தியம். ஒருத்தி எழுத்தைச் சொல்வாள், மற்றவள் வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். காய் நறுக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இதேதான். ஒருமுறை, இவள் வேலை பார்த்த பல் மருத்துவமனை வரவேற்பில் நோயாளிகள் வரிசையாகக் காத்திருக்க, இவள் போனில் "ஜாக்கெட்! ஜேயும் கேயும் இருக்கு, ஆறு எழுத்து!" என்று கத்தி டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். தோற்றவள் அன்று முழுக்கப் பேச மாட்டாள். நான் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பேன்.

நோய் வந்த பிறகு அக்கா ஆளே மாறிவிட்டாள். "மூணு எழுத்து, சியும் டியும்" என்பாள், குழந்தையிடம் கேட்பதுபோல. இவள் தட்டுத்தடுமாறி எழுத்துகளைத் தட்டி அனுப்பினால், ஒவ்வொரு தடவையும் தோற்றுக்கொடுப்பாள். அன்பினால் செய்ததுதான். ஆனால் அந்த அன்பு என் மனைவியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கிக்கொண்டிருந்தது என்று எனக்கு அந்த "பொய்"யைக் கேட்ட பிறகுதான் உறைத்தது.

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் அக்காவின் பழைய குரல், கத்தி தீட்டினாற்போல்.

"அப்படியாடி? சரி. இனிமே தயவு தாட்சண்யமே கிடையாது. ஏழு எழுத்து. கியூவும் ஒய்யும். எழுதி அனுப்பக் கூடாது, வாயால சொல்லணும்."

போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் நான் லிப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில், புதிதாக வந்திறங்கிய மோட்டாரின் அட்டைப்பெட்டி மேல் இங்கிலீஷில் பெரிதாக அச்சிட்டிருந்தது: குவாலிட்டி. விரல்விட்டு எண்ணினேன். ஏழு! கியூ இருக்கிறது, ஒய் இருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து, தொண்டை வரை வந்ததை முழுங்கி முழுங்கி, சட்டையைக் கழற்றும் சாக்கில் "நல்ல சாமான்னா எப்படிச் சொல்லுவாங்க..." என்று இழுத்தேன்.

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

டீ போட்டுக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து சத்தம் கேட்டது. "க்வி... க்வி..." கதவோரம் நின்று பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தபடி, வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அதைத் தட்டித் தட்டித் தாளம்போல் போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. ஓடிப்போய் உதவலாமா என்று ஒரு காலை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. வழியட்டும் என்று நின்றேன்.

"க்விக்... க்விக்லி."

திரும்பி என்னைப் பார்த்தாள். "க்விக்லி!"

சீக்கிரமாக என்று பொருள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு முழு நாள் பிடித்திருந்தது. அந்த வேடிக்கை அவளுக்கே புரிந்து, ஒரு பக்கமாகக் கோணிய வாயோடு சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அக்காவுக்கு அவளே போன் போட்டாள். அக்கா பஸ்ஸில் இருந்தாள்.

"க்விக்லி" என்றாள் எடுத்த எடுப்பில். "இப்ப... நீங்க. அஞ்சு எழுத்து. ஜே. டபிள்யூ."

"அடிப்பாவி! மூச்சு விட விடுடி. ஜே, டபிள்யூ... ஜா... ஜோ... இரு இரு, சொல்லிடாதே."

நேரம் போனது. இவள் என் காதருகே குனிந்து "ஜுவல்" என்று கிசுகிசுத்தாள். ரகசியம் பேசும் குரலும் திரும்பி வந்துவிட்டது என்று அப்போதுதான் கவனித்தேன்.

"ஐயையோ, பேசிக்கிட்டே என் ஸ்டாப்பை விட்டுட்டேன்டி!" என்று அக்கா அலறினாள்.

"போகட்டும்" என்றாள் என் மனைவி, எங்கும் தடுக்காமல். "தோத்துட்டேன்னு சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்!"

மிச்சப் பாலில் போட்ட டீ ஆறிக்கொண்டிருந்தது. என் மனைவி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். மேசை மேல் போனுக்குள் பஸ் கியர் மாற்றி வேகம் எடுத்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே அக்கா, ஜே, டபிள்யூ, ஜே, டபிள்யூ என்று முணுமுணுத்துக்கொண்டே, வீட்டைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள்.