கூட்டிப் போனது யார்

அண்ணனின் படகுக் கடையில் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவள் தங்கை ஒருத்திதான். அது அண்ணனுக்கும் தெரியும், வாய்விட்டுச் சொன்னதில்லை. சின்ன வயதில் தரையில் ஆடி ஆடி நடந்து தண்ணீரில் அம்பாகப் போவாள் என்று அவன் வைத்த பட்டப்பெயர் வாத்து. முப்பத்தாறு வயதிலும், வாடிக்கையாளர்கள் முன்னாலும், அவள் வாத்துதான்.

ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே இருந்தது கடை. தகரக் கூரை, இருபது கயாக் துடுப்புப் படகுகள், கயிற்றில் தொங்கும் லைஃப் ஜாக்கெட்டுகள். அந்த ஜாக்கெட்டுகள் ஒருநாளும் முழுசாகக் காய்ந்ததில்லை. கவுண்டரில் அண்ணன் உட்காருவான். பேச உட்கார்ந்தால் கல்லையும் கரைத்துக் கயாக்கில் ஏற்றிவிடுவான். அவன் தலைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தது வாத்தின் வழிகாட்டி உரிமம். துறைமுக அலுவலகம் வைக்கும் பரீட்சையில் முதல் தடவையே தேறி வாங்கியது. அண்ணன் இரண்டு தடவை எழுதி இரண்டிலும் கோட்டை விட்டவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து பதினான்கு பேர் வருவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கு வரவேண்டியவர்கள் பத்துக்கு வந்து இறங்கினார்கள். அதற்குள் கடலேற்றம் முடிந்து தண்ணீர் திரும்பிவிட்டது. ஆறு முழுவதும் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது.

"இப்ப முகத்துவாரம் பக்கம் போக வேண்டாம்ணா. எல்லாரையும் மேல, ஆத்துக்குள்ள கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"அவங்க மரம் பாக்க வரலை. முகத்துவாரத்து மணல்திட்டுல நின்னு போட்டோ எடுக்க வந்திருக்காங்க."

"திட்டுக்குப் போயிடலாம். திரும்பி வர முடியாது. இழுப்பைப் பாரு."

"உனக்குப் பயம்னா நீ மேல போ. திட்டுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

"உரிமம் இல்லாம நீ கூட்டிட்டுப் போகக் கூடாது."

"என் கடையில நின்னுக்கிட்டு எனக்கே சட்டம் சொல்றியா?"

வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாத்துக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

எட்டுப் பேர் அவளோடு, ஆறு பேர் அண்ணனோடு என்று பிரித்தார்கள். கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண், ஒல்லியானவள், மூக்குக்கண்ணாடியை ரப்பர் பேண்டால் காதோடு கட்டியிருந்தவள், வாத்தின் அருகே வந்து மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க. வீட்டுல கூட சொல்லிட்டுத்தான் வந்தேன், கரையிலேயே இருப்பேன்னு. உங்க கூடவே வரட்டுமா?"

"தாராளமா வாங்க. மேல தண்ணி இடுப்பளவுதான்."

அதற்குள் அண்ணன் கையை ஆட்டினான். "மேடம், இங்க ரெண்டு பேர் போற படகுல ஒரு இடம் காலியா இருக்கு, வாங்க வாங்க! அந்தப் பக்கம் போனா கொசுதான் பாக்கலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் வாத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும்; 'இவங்க என் கூட' என்றால் முடிந்தது. ஆனால் இப்போதுதான் ஒரு வாக்குவாதம் ஆகியிருந்தது. மறுபடியும் எல்லோர் முன்னாலும் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. குனிந்து ஒரு படகின் கயிற்றை அவிழ்த்தாள். நிமிர்ந்தபோது அந்தப் பெண் அங்கே ஏறிக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து விசில் கேட்டது. விட்டுவிட்டு மூன்று, மறுபடியும் மூன்று. தன்னோடு வந்தவர்களைப் படித்துறையில் ஏற்றி, "யாரும் இறங்காதீங்க" என்று சொல்லிவிட்டு வாத்து துடுப்புப் போட்டாள். இழுப்பே அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மணல்திட்டில் முழங்கால் தண்ணீரில் நின்று அண்ணன் விசிலை ஊதிக்கொண்டே இருந்தான். கையை எங்கே காட்டுவது என்று கூட அவனுக்குத் தெரியவில்லை. அலை உடையும் இடத்துக்கு அப்பால் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. அந்தப் பெண்ணோடு ஏறியவன் அதைக் கட்டிப்பிடித்திருந்தான். சற்றுத் தள்ளி ஓர் ஆரஞ்சு ஜாக்கெட் மிதந்தது. வாத்து பாய்ந்து போய் அதைப் பிடித்தாள். காலி ஜாக்கெட். ஒல்லியான உடம்புக்கு அண்ணன் பெரிய அளவைக் கொடுத்து அனுப்பியிருந்தான். தலை வழியாகக் கழன்றிருந்தது.

ஐந்தாவது முறை முங்கியபோது கையில் தலைமுடி தட்டுப்பட்டது. திட்டுக்கு இழுத்து வந்து, மீட்புப் படகு வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

இரண்டு நாள் கழித்து, விசாரணைக்கு முந்தின மாலை, அண்ணன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி குழந்தைகளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அண்ணன் அழுதான். அவன் அழுது வாத்து பார்த்ததில்லை.

"உரிமம் இல்லாதவன் முடிவெடுத்தேன்னா ஜெயில்தான் வாத்து. பொறுப்பு உன்னோடதுன்னா அது விபத்து. உரிமத்தை மட்டும்தான் எடுப்பாங்க. வந்தவங்க காதுல நான் கத்தினது மட்டும்தான் விழுந்துச்சு. யார் முடிவெடுத்தாங்கன்னு எங்க தெரியப் போகுது? கடைக்காரங்க ரெண்டு பேர் இருந்தாங்க, அவ்வளவுதான்."

வாத்து அம்மாவைப் பார்த்தாள்.

"உனக்குக் குடும்பமா குட்டியா? எப்படியும் சமாளிச்சுக்குவே" என்றாள் அம்மா. "அவன் உள்ள போயிட்டா இந்தப் பிள்ளைங்க தெருவுல நிக்கும்."

மறுநாள், மணல்திட்டுக்குப் போக முடிவெடுத்தது நான்தான், அண்ணன் என் சொல்படி உதவிக்கு வந்தான் என்று வாத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்தார்கள். செய்தித்தாளில் உரிமத்தில் இருந்த அதே படம் வந்தது. அண்ணனை எச்சரித்து அனுப்பினார்கள்.

அந்த வாரமே இறந்தவளின் கணவன் வாத்து தங்கியிருந்த வாடகை அறையைத் தேடி வந்தான். கண்ணாடி அறுத்து விற்கும் கடையில் வேலை. விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள். உள்ளே வரவில்லை.

"அங்க போகலாம்னு சொன்னது நீங்கதானா?"

"ஆமாம்."

"அவளுக்கு நீச்சல் தெரியாதுன்னு சொன்னாளா?"

"சொன்னாங்க."

"தெரிஞ்சுமா?"

அவள் தலையசைத்தாள். அவன் திட்டவில்லை. படியிறங்கிப் பாதியில் உட்கார்ந்து, வெகுநேரம் கழித்து எழுந்து போனான்.

மூடிக் கிடந்த கடை நான்கு மாதத்தில் வேறு பெயரில் திறந்தது. 'பாதுகாப்பே முதல்' என்று வாசலில் பெரிய பலகை. உரிமம் உள்ள புதிய ஆள் ஒருவன். படகு கழுவும் வேலையாவது கேட்கலாம் என்று வாத்து போனாள். அண்ணன் அவளைக் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதே. உன் மூஞ்சி பேப்பர்ல வந்தது. கஸ்டமர் பாத்தா மிரண்டுடுவாங்க."

"யாருக்காக வந்துச்சு?"

"எப்பப் பாத்தாலும் அதையே சொல்லிக் காட்டாதே. நீ மட்டும் யோக்கியமா? அந்தம்மா உன்கிட்டதானே வந்து நின்னாங்க? நீதானே என்கிட்ட விட்டே?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. அங்கிருந்து நேராகத் துறைமுக அலுவலகத்துக்கு நடந்தாள்.

அதிகாரி கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "அன்னைக்கு எழுதினது பொய்னா, பொய் சொன்னதுக்கு உங்க மேலயும் வழக்கு வரும். தெரியுமில்ல?"

"தெரியும். எழுதிக்குங்க. அவங்க என் கூட வரேன்னு கேட்டதையும், நான் சும்மா இருந்ததையும் சேர்த்து எழுதிக்குங்க."

அண்ணனுக்கு ஒன்றரை வருடம் சிறை. அவளை அபராதத்தோடு விட்டார்கள். தீர்ப்பு வந்த மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போய் அந்தக் கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் அறுத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு முழுவதும் கேட்டான்.

"இத்தனை மாசம் உங்களைத் திட்டித் திட்டித்தான் நாளை ஓட்டினேன்" என்றான். "இப்ப அதுவும் தப்புங்கறீங்க. எதுக்கு வந்தீங்க? உங்க பாரத்தை என் தலையில இறக்கி வைக்கவா?"

அவன் மறுபடி கண்ணாடியைக் கையில் எடுத்தான்.

அண்ணி வீட்டைக் காலி செய்து, குழந்தைகளோடு தன் அக்கா வீட்டுக்குப் போனாள். மாமியாருக்கு அங்கே இடமில்லை. ஒரு பையோடு அம்மா வாத்தின் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தாள். வேறு போக்கிடம் இல்லை.

வாத்து இப்போது ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். மாலையில் வந்து சமைக்கிறாள். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மாதம் ஒருநாள், அண்ணனைப் பார்க்கப் போகும் அன்று, விடியுமுன் தானே எழுந்து அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கட்டிக்கொண்டு தனியாகப் பேருந்து ஏறுகிறாள்.

"நானும் வரட்டுமாம்மா?" என்று வாத்து ஒருமுறை கேட்டாள்.

அறைக்கு வந்து சேர்ந்த ஏழு மாதத்தில் அம்மா அவளிடம் முதன்முறையாக வாய் திறந்தாள்.

"எதுக்கு? உள்ள இருக்கானான்னு சரி பாக்கவா?"