ஹெட்டும் டெயிலும்

பேரன் குப்புற விழவும் பழகிவிட்டான். ஆனாலும் மருமகள் சரிதா பிரசவத்துக்குப் போன அம்மா வீட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. கலியம்மாளின் மகன் சுதாகரும் ஷிப்ட் முடிந்தால் அங்கேயே போய்விடுகிறான்.

சண்டை ஒன்றும் இல்லை. பாத்ரூம்தான் காரணம். சரிதா வளர்ந்தது நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸில். நகரியத்துக்கு வெளியே இருக்கிற கலியம்மாளின் வீடு பழையது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு உயர்ந்து, வீடு பள்ளத்துக்குப் போனது. மழை வந்தால் செப்டிக் டேங்க் நிரம்பி, போன தண்ணீர் எல்லாம் பாத்ரூமுக்குள் திரும்பி வரும். போன ஐப்பசியில், வயிற்றில் பிள்ளையோடு சரிதா அதில் வழுக்கி, கதவைப் பிடித்துத் தப்பினாள்.

"தண்ணி திரும்பாத அன்னைக்குச் சொல்லுங்க அத்தை, வந்துடறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். கலியம்மாளுக்கு அதில் தப்பு தெரியவில்லை.

இந்த வருஷம் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ரோட்டோரமாக ஆழத் தோண்டி ஒரு சேம்பர் கட்டி, மூடி போட்டார்கள். வீட்டிலிருந்து அதுவரை பைப் போட்டுக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. பிளம்பர் ராஜ்மோகன் தெரு முழுக்க வேலை பிடித்துவிட்டு, தீபாவளி கழித்துத்தான் வர முடியும் என்றார். அதற்குள் மழை பிடித்துக்கொள்ளும்.

"ஒரு பைப்பு பொதைக்க அவன் வரணுமா? மைன்ஸ் மண்ணையே மேல ஏத்தினவன் நானு" என்றார் கலியம்மாளின் கணவர் சுப்பிரமணியன்.

அவர் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே தன்னோடு கான்ட்ராக்டில் இருந்த கலியனைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். இருவரும் சேர்ந்தால் பெல்ட் பேச்சுதான். மண் வந்து விழுகிற முனை டெயில், மேலே கொண்டுபோய்க் கொட்டுகிற முனை ஹெட். சோறு அதிகமாகப் போட்டால்கூட "லோடு கொறைங்க அண்ணி" என்பான் கலியன்.

பள்ளம் தோண்டி, பைப்புகளை ஒட்டி முடித்ததும் சுப்பிரமணியன் சாக்பீஸால் பாத்ரூம் பக்க முனையில் டெயில் என்றும், ரோட்டுப் பக்க முனையில் ஹெட் என்றும் எழுதினார்.

"சரிவு வாட்டம் பாத்து உக்கார வச்சி மூடிடு கலியா. பள்ளத்தத் தொறந்து வச்சிகினு கைக்கொழந்தைய இட்டார முடியாது. நான் போயி மருமவள இட்டாந்துடறேன்."

அவர் போனதும் கலியன் ரோட்டுப் பக்கம் மணலைக் கொட்டி, பைப்பைத் தூக்கி வைத்தான்.

"ரோட்டுப் பக்கம் மேல நிக்குதே கலியா" என்றாள் கலியம்மாள்.

"ஹெட்டுன்னா தூக்கித்தான் நிக்கும் அண்ணி. நாங்க பாக்காததா?"

ரோடும் உயரம்தானே என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். பாத்ரூம் சுவரோரம் இணைப்பு இருக்கிற குழியை மட்டும் விட்டுவிட்டு, கலியன் பள்ளத்தை மூடி, மேலே மிதித்தும் விட்டான்.

ஆட்டோ வந்து நின்றது. சுப்பிரமணியனோடு சரிதா இறங்கி, குழந்தையைக் கலியம்மாளிடம் கொடுத்தாள். பையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்கண்ணா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு நேரே பாத்ரூமுக்குப் போனாள். முதல் பக்கெட் போனது. இரண்டாவது மெதுவாகப் போனது. மூன்றாவதை ஊற்றியதும் தண்ணீர் சுழன்று, கொப்பளித்து, அவள் கால் விரல்வரை வந்தது.

கலியம்மாள் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

சரிதா வெளியே வந்து, பாத்ரூம் சுவரோரம் மூடாமல் விட்டிருந்த குழியை எட்டிப் பார்த்தாள். பைப் முனையில் சாக்பீஸ் எழுத்து தெரிந்தது.

"இது டெயிலுன்னா ரோட்டுப் பக்கம் ஹெட்டா மாமா?"

"ஆமாம்மா."

"ஹெட்டத் தூக்கி வச்சீங்களா?"

"பின்ன என்னாம்மா?" என்றான் கலியன். "ஹெட்டு எறங்கி எந்த பெல்ட்டு..." என்று இழுத்தவன் மண்வெட்டியைப் பார்த்தான்.

சுப்பிரமணியன் அவனைப் பார்த்தார். "டேய், இதுல மோட்டார் எங்கடா இருக்கு?"

"நீங்கதான எழுதினீங்க, ஹெட்டுன்னு."

"வாட்டம் பாருன்னும் சொன்னேன்."

"பாத்துத்தான வச்சேன், பெல்ட்டு வாட்டம்."

சரிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கப்பாவும் பெல்ட்டுதான் அத்தை. அவரு போட்டிருந்தாலும் இப்பிடித்தான் போட்டிருப்பாரு."

கலியன் அதற்குள் ரோட்டுப் பக்க மண்ணைத் தோண்ட ஆரம்பித்திருந்தான். சரிதா அவனிடம் போனாள்.

"சேம்பர் ஆழமாத்தான் இருக்கு. அந்த மணல வாரிட்டு நல்லா எறக்கி வைங்க. நான் தண்ணி ஊத்திப் பாக்காம மண்ணத் தள்ளக் கூடாது."

பிறகு ஆட்டோவுக்குப் போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அண்ணா, நீங்க போங்க."

கலியம்மாள் பேரனை இடுப்பில் மாற்றிக்கொண்டு, பக்கெட்டுகளை நிரப்பி வைக்கக் குழாயடிக்குப் போனாள்.