நடுவில் வேகாத மீன்

முதல் நாள் தங்கை சால்மன் துண்டை எலுமிச்சை, பூண்டு, வெண்ணெயோடு பொட்டலமாகக் கட்டி ஓவனில் வைத்தாள். பிரித்தபோது ஆவி முகத்தில் அடித்தது. அக்கா விரலால் பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"நடுவுல வேகல."

தங்கை குனிந்து பார்த்தாள். உண்மைதான். மேலே வெளுத்திருந்த மீன் உள்ளே ஈரமாக, பச்சையாகப் பளபளத்தது. தொட்டால் பனிக்கட்டி. தான்தான் எதையோ கோட்டைவிட்டுவிட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். தையல் கடையில் துணி வெட்டுகிறவள் அவள்; அக்கா அவளைக் கூப்பிடுவதே 'கத்திரி' என்றுதான். இரண்டு தரம் அளக்காமல் கத்திரியைத் தொடமாட்டாள், அளந்தபிறகும் சந்தேகப்படுவாள்.

அக்காவுக்கு மீன் கிடங்கில் வேலை. போன வாரம் குளிரறைக்குள் போனவள், கதவு இறுகிக்கொண்டதால் உள்ளேயே மாட்டிக்கொண்டாள். பாதி மயக்கத்தில் தூக்கி வந்தார்கள். உடம்பில் குறை எதுவும் இல்லை என்றார் டாக்டர். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து எதைக் கொடுத்தாலும் "ஜில்லுனு இருக்குடி" என்று வைத்துவிடுகிறாள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை பார்ப்போம், அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் விடவேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு சால்மன் என்றால் உயிர். அதனால்தான் தங்கை அதையே பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மெல்லிய துண்டுகளாக நறுக்கி, தோல் பக்கம் சட்டியில் படும்படி அழுத்திப் பிடித்து, மொறுமொறுவென்று வறுத்தாள். ஒரே சட்டியிலிருந்து இருவருக்கும் வைத்தாள். அவள் தட்டு மீன் அவள் நாக்கைப் பொசுக்கியது. அக்கா தட்டில் இருந்ததோ நடுவில் பச்சை.

"என் தட்டை நீ எடுத்துக்கோ," என்று மாற்றி வைத்தாள்.

சிவந்திருந்த தோல் மெல்ல நமுத்தது. ஓரத்தில் நீர் கோத்தது. வெந்து வெளுத்த சதைக்குள் பழைய நிறம் ஊறி மேலே வந்தது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணலடி, கத்திரி," என்றாள் அக்கா, திட்டு வாங்கப்போகும் பிள்ளை போல.

அப்புறம் இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்தாள். மிளகு போட்டு சூப் வைத்தாள். கிண்ணத்தின் விளிம்பில் பனி பூத்தது. கொத்தி உருண்டை பிடித்து எண்ணெயில் பொரித்தாள். பிட்டால் உள்ளே அதே பச்சை.

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி அண்ணன் வந்தார். கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். அக்காவை வெளியே தூக்கி வந்ததும் அவர்தான். தினமும் மீன் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான்.

"என்னம்மா, இன்னைக்கு என்ன அயிட்டம்? படி ஏறும்போதே வயிறு கூப்பாடு போடுது. எனக்கும் ஒரு நாள் காய்ச்சல் வந்தாத்தான் சாப்பாடு போடுவீங்களா?" என்று சிரித்தபடி உள்ளே வந்தவர், மூக்கை உறிஞ்சி அப்படியே நின்றுவிட்டார்.

"இதே வாசனை."

"எங்கண்ணா?"

"அந்த கோல்டு ரூம்லதான். சாயங்காலமானா உள்ள சூடு ஏறுது. மெக்கானிக் மெஷினையே பிரிச்சு மேஞ்சுட்டான், ஒண்ணும் இல்லைங்கறான். மொதல்ல பூண்டு வாசனை. நேத்து இஞ்சி. உள்ள யாரோ அடுப்பு வச்சிருக்காங்கடான்னு பசங்க கிண்டலடிச்சானுங்க. நானும் சிரிச்சேன்."

இப்போது அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே," என்றாள் அக்கா. "என் டோக்கன் இன்னும் அங்கதான் தொங்குதா?"

உள்ளே போகிறவர் தன் பேர் போட்ட டோக்கனைக் கதவோரக் கொக்கியில் மாட்டவேண்டும். வெளியே வந்ததும் அவரே எடுக்கவேண்டும். ஆள் உள்ளே இருக்கையில் கதவைப் பூட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அடுத்தவர் டோக்கனைத் தொட்டால் வேலையே போய்விடும்.

"உன் கையால நீதானேம்மா எடுக்கணும். யாரும் தொடல."

"அப்போ அந்தக் கதவு கணக்குல நான் இன்னும் வெளியவே வரல."

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகும் வழியில் கிடங்கில் இறங்கினார்கள். தங்கை நெருப்பில் வாட்டிய சால்மனை மூடியுள்ள டப்பாவில் எடுத்து வந்திருந்தாள். மடியில் வைத்திருந்தபோதே டப்பா குளிர்ந்துகொண்டு வந்தது.

வண்டி அண்ணன் குளிரறைக் கதவுவரை கூட்டிப்போனார். டோக்கன் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. அக்கா கையைத் தூக்கினாள். ஆனால் டோக்கனை எடுக்காமல், உள்ளங்கையைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள ஒருத்தி இருக்காடி. பாவம், என்னை மாதிரியே நடுங்குறா. இதை எடுத்துட்டா அவளை யாரு தேடுவாங்க?"

தங்கை அக்காவின் மணிக்கட்டு எலும்பைப் பார்த்தாள்.

"நான் செஞ்சதெல்லாம் அவதான்க்கா சாப்பிட்டா. இனிமே நீ சாப்பிடு."

அக்கா டோக்கனை எடுத்தாள்.

டப்பாவைத் திறந்ததும் ஆவி எழுந்தது. நின்றபடியே ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டவள் சட்டென்று வாயைத் திறந்து காற்றை இழுத்தாள்.

"சுடுதுடி!"

கண்ணில் நீர் வழிய அடுத்த துண்டை எடுத்தாள். அதற்கடுத்ததையும் எடுத்தாள். அப்போது கதவின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள். பலமாக அல்ல, தெம்பில்லாத கையால் தட்டுவதுபோல.

அக்காவின் கை நின்றது. வண்டி அண்ணன் காலியாக இருந்த கொக்கியைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பெட்டி தூக்கும் வண்டியில் ஏறி, தட்டும் சத்தம் அமுங்கும்படி இன்ஜினைக் கிளப்பி உறுமவிட்டார்.

"சாப்பிடுக்கா," என்றாள் தங்கை, அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி. "ஆறிடப்போகுது, சாப்பிடு."