ஒண்டுமில்லை

மார்க்கம் நகரில், செய்மதிப் படங்களைப் பார்த்து மலைச்சரிவுகளை அளக்கும் ஓர் அலுவலகத்தில் நிரூபாவுக்கு வேலை. அடுத்த மேசையில் நசீர். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைநாட்டுக்காரன். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நீல மணிக்கல் வெட்டியெடுக்கும் சுரங்கங்கள் அவனுடைய ஊர்ப்பக்கம். அவன் தம்பி இன்றைக்கும் அங்கேதான் பாறை உடைக்கிறான்.

அவர்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். ஆனாலும் நசீருக்கு ஒரு தமிழ்ச் சொல் தெரியும். மத்தியானம் தவறாமல் நிரூபாவின் தாய் வேரோனிக்கா போன் எடுப்பாள்.

"என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லையம்மா."

"எல்லாம் நல்லபடி என்றுதானே அர்த்தம்?" என்று ஒருநாள் நசீர் கேட்டான். விளக்கம் சொல்லக் கூச்சப்பட்டு நிரூபா தலையாட்டிவிட்டாள். அன்றுமுதல் கோப்பி ஊற்றுப்பட்டாலும் "ஒண்டுமில்லை!" பஸ் பிந்தினாலும் "ஒண்டுமில்லை!" "உன் அம்மாவைவிட எனக்குத் தமிழ் நன்றாக வருகிறது, பார்" என்று வேறு சீண்டுவான்.

மார்ச்சில் பதக்‌ஷானில் பெரும் பனி கொட்டியது. நான்கு நாளாகத் தம்பியிடமிருந்து பேச்சுமூச்சில்லை. ஐந்தாம் நாள் முகில் விலகிப் படம் வந்தது. நசீர் கதிரையை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

"நீ பார். என்னால் முடியாது."

போன கிழமைப் படத்தில் சுரங்க வாய்க்குக் கீழே தம்பியும் மற்றவர்களும் தங்கும் பதினொரு கூடாரங்கள், ஒரு லொறி. இன்றைய படத்தில் மலையுச்சியிலிருந்து ஆறு வரைக்கும் ஒரே வெள்ளை. பெருப்பித்துப் பார்த்தாள். இடம் பிழையோ என்று அகலாங்கு நெட்டாங்கை இரண்டு தரம் சரிபார்த்தாள். பிழையில்லை.

"என்ன தெரிகிறது?" முதுகு காட்டியபடியே கேட்டான்.

ஆங்கிலத்தில் சொல்லத்தான் நினைத்தாள்.

"ஒண்டுமில்லை" என்றது அவள் வாய்.

கதிரை சுழன்றது. "ஒண்டுமில்லை!" என்று கத்தினான் நசீர். சிரித்தான், கண்ணைத் துடைத்தான். அவள் வாய் திறக்கமுன் வெக்ஸ்போர்டில் இருக்கும் அவனுடைய தாய்க்குப் போன் போய்விட்டது.

"நசீர்..."

பொறு என்று விரலை உயர்த்தினான். அந்தப் பக்கம் ஒரு பெண் விம்மி விம்மிச் சிரிப்பது கேட்டது. அவர்கள் பேசும் மொழி நிரூபாவுக்கு விளங்கவில்லை. நடுவில் ஒரே ஒரு சொல்தான் விளங்கியது. நசீர் அதை நிறுத்தி நிறுத்தி, எழுத்துக் கூட்டுவதுபோலச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

தாய் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.